புகைபிடிப்பவர்களுக்கான பல் வெண்மையாக்கல்: ஈறு பரிசோதனை முதல் பராமரிப்பு வரை

புகைபிடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் பல் வெண்மையாக்கும் சிகிச்சையைப் பற்றி விசாரிக்கும்போது, பெரும்பாலும் இரண்டு நம்பிக்கைகளில் ஒன்றைக் கொண்டிருப்பார்கள். சிகரெட் பிடிக்கும் வாயில் ப்ளீச்சிங் பலிக்காது என்பது ஒன்று. ஒருமுறை பணம் கட்டிச் செய்துகொண்டால் அதன்பின் கவலையில்லை என்பது மற்றொன்று. இரண்டும் சரியல்ல. புகைபிடிப்பவர்களையும் பிடிக்காதவர்களையும் ஒப்பிட்டுப் பிரேசில் நாட்டுப் பல் மருத்துவ ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வுகளில், வீட்டில் ட்ரே எனப்படும், பல்லின் அச்சில் செய்த உறையில் ஜெல் வைத்து அணிந்து செய்யும் முறையில் இரு தரப்பினரின் பற்களும் ஏறத்தாழ ஒரே அளவுக்கு வெளுத்தன. ஓராண்டு கழித்துப் புகைபிடித்தவர்களின் பற்களில் மீண்டும் படிந்திருந்த கறை, பல்லைச் சுத்தம் செய்ததும் நீங்கியது.

ஆகவே புகைபிடிப்பவருக்கு வெண்மை கிடைப்பதில் பெரிய தடை இல்லை; அதைத் தக்கவைப்பதிலும், அதைத் தேடும் அவசரத்தில் வாயில் மறைந்திருக்கும் நோயைத் தவறவிடாமல் இருப்பதிலும்தான் சிக்கல் இருக்கிறது. வாயின் நலம், சுத்தம், புகையை நிறுத்துதல், அதற்குப் பிறகே ப்ளீச்சிங் என்ற வரிசையை மாற்றாமல் பின்பற்றினால் செலவும் குறையும், பலனும் நீடிக்கும். இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே செல்கிறது.

புகை பல்லில் செய்வது என்ன

பல் துலக்கிய சில நிமிடங்களிலேயே உமிழ்நீரிலுள்ள புரதங்கள் பல்லின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகப் படிந்துவிடுகின்றன. இந்தப் படலம் பல்லைக் காப்பதற்காக இயல்பாக உருவாவதுதான். ஆனால் நிறப்பொருள்கள் ஒட்டிக்கொள்வதும் இதில்தான். நிகோடினுக்குத் தனியாக நிறம் கிடையாது. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேரும்போது மஞ்சளாகிறது. புகையிலுள்ள பிசின் போன்ற தாருக்கோ இயல்பிலேயே கரும்பழுப்பு நிறம். இவை இரண்டும் அந்தப் படலத்திலும், பல்லின் மேல் கெட்டிப்பட்ட காரையிலும் நாள்தோறும் சேர்ந்துகொண்டே போகின்றன. கீழ்வரிசை முன்பற்களின் உட்புறம், இரு பற்களுக்கு இடைப்பட்ட பகுதி, ஈறை ஒட்டிய விளிம்பு ஆகிய இடங்களில் கறை அடர்த்தியாக இருப்பதற்குக் காரணம், அங்கே பிரஷ் சரியாகச் சென்று சேராததும் காரை எளிதில் படிவதுமே ஆகும்.

ஆண்டுகள் செல்லச் செல்ல, பல்லின் கடினமான மேலடுக்கான எனாமலில் இருக்கும் நுண்ணிய வெடிப்புகளின் வழியாகவும், ஈறு இறங்கியதால் வெளியே தெரியும் வேர்ப்பகுதியின் வழியாகவும் நிறம் உள்ளே இறங்குகிறது. மேலே படிந்த கறையைச் சுரண்டி எடுத்துவிடலாம்; உள்ளே இறங்கியதைச் சுரண்ட முடியாது, வேதிப்பொருளால்தான் வெளுக்கவைக்க வேண்டும். பீடி பிடிப்பவர்களுக்கும் இது அப்படியே பொருந்தும்; பீடியில் வடிகட்டி இல்லை, அது அணையாமல் இருக்க அடிக்கடி ஆழமாக இழுக்க வேண்டியும் இருக்கிறது. வெற்றிலையோடு புகையிலை போடுபவர்களின் பற்களில் பாக்கும் சுண்ணாம்பும் சேர்ந்து செம்பழுப்புக் கறையை உண்டாக்குகின்றன. அவர்களுக்கும் கீழே சொல்லப்படும் படிகள் எல்லாம் பொருந்தும், முதல் படி இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும்.

பல்லின் இயல்பான நிறம் தூய வெள்ளை அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எனாமல் ஓரளவு ஒளியை ஊடுருவவிடும் தன்மை கொண்டது. அதன் அடியில் இருக்கும் டென்டின் என்ற அடுக்கின் இளமஞ்சள்தான் நாம் காணும் நிறத்தின் பெரும்பகுதி. வயது ஏற ஏற எனாமல் தேய்ந்து டென்டினின் மஞ்சள் கூடுதலாகத் தெரியும். ஐம்பது வயதுக்காரர் ஒருவர் புகையை விட்டு, எல்லாச் சிகிச்சையும் செய்துகொண்ட பிறகும் இருபது வயதுக்காரரின் பல் நிறத்தை அடையாமல் போகலாம். அதைத் தோல்வியாகக் கருத வேண்டியதில்லை.

முதல் படி: வாயை முழுமையாகப் பரிசோதித்துக்கொள்ளுதல்

இந்தப் படியைத் தாண்டிச் செல்ல எவருக்கும் அனுமதி இல்லை என்றே நான் சொல்வேன். நிகோடின் ஈறிலுள்ள இரத்த நாளங்களைச் சுருங்கச் செய்வதால், புகைபிடிப்பவரின் ஈறில் நோய் இருந்தாலும் இரத்தம் கசிவது குறைவாகவே இருக்கும். பல் துலக்கும்போது இரத்தம் வரவில்லையே, ஈறு நன்றாகத்தான் இருக்கிறது என்று அவர் நிம்மதியாக இருப்பார். உள்ளே பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்துகொண்டிருக்கும். பல் மருத்துவர் ஒரு மெல்லிய அளவுக்கோலை ஈறுக்கும் பல்லுக்கும் இடையே விட்டுப் பள்ளத்தின் ஆழத்தை அளப்பதும், தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுப்பதும் இதைக் கண்டுபிடிக்கத்தான். ஈறு நோய் இருந்தால் அதற்கான சிகிச்சை முடியும் வரை ப்ளீச்சிங்கைத் தள்ளிவைக்க வேண்டும்.

வாயின் மென்தோலும் பரிசோதிக்கப்பட வேண்டும். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, செந்நிறத் திட்டு, இரண்டு வாரங்களுக்கு மேலாகியும் ஆறாத புண், காரம் பட்டாலே எரியும் வாய், முன்புபோல அகலமாகத் திறக்க முடியாத தாடை ஆகியவற்றில் எது இருந்தாலும் பல்லின் நிறத்தைப் பற்றிய பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். கடைசி இரண்டும் பாக்கு மெல்லுபவர்களுக்கு வரும் தசைநார் இறுக்க நோயின் அடையாளங்கள். அந்நோய் வாய்ப் புற்றுநோயாக மாறும் வாய்ப்பு உண்டு. வெண்மையாக்கிக்கொள்ள வந்த இடத்தில் இப்படியொரு புண் தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டால், அந்தப் பரிசோதனையின் பயன் வேறு எதையும் விடப் பெரியது.

அடுத்ததாக, கறை உண்மையில் புகையால் வந்ததுதானா என்று பிரித்தறிய வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களைப் போல நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு மிகுந்த பகுதிகளில் வளர்ந்தவர்களின் பற்களில் காணும் பழுப்புத் திட்டுகள், பல் உருவாகும் வயதிலேயே எனாமலுக்குள் பதிந்தவை. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளூரைடு இருக்கக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. இத்தகைய திட்டுகள் புகையை விட்டாலும் போகாது, சாதாரண ப்ளீச்சிங்கில் முழுமையாகவும் மறையாது. குழந்தைப் பருவத்தில் டெட்ராசைக்ளின் மருந்து உட்கொண்டதால் வரும் சாம்பல் நிறப் பட்டைகளுக்குப் பல மாதங்கள் சிகிச்சை தேவைப்படும். ஒரே ஒரு பல் மட்டும் கறுத்திருந்தால் பழைய அடியால் அதன் உயிர்நரம்பு இறந்திருக்கக்கூடும்; அதற்கு வேர் சிகிச்சை செய்து உள்ளிருந்து வெளுக்கவைக்கும் முறை தனியே இருக்கிறது.

முன்பற்களில் கேப் போட்டவர்கள், பல் நிறப் பொருளால் அடைத்தவர்கள், பல்லின் முகப்பில் வெனீர் என்ற மெல்லிய தகடு ஒட்டியவர்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும்: எந்த ப்ளீச்சிங் ஜெல்லும் இவற்றின் நிறத்தை மாற்றாது. இயற்கைப் பற்கள் வெளுத்த பிறகு பழைய அடைப்பு மட்டும் மஞ்சளாகத் துருத்திக்கொண்டு தெரியும். அதை மாற்றுவதற்கான செலவையும் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இச்சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டும்; சொத்தைப் பல் இருந்தால் முதலில் அதை அடைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் படி: ஸ்கேலிங்கும் பாலிஷிங்கும்

காரையும் கறையும் மூடிய பல்லின் மேல் ப்ளீச்சிங் ஜெல்லைத் தடவுவது, பாசியைச் சுரண்டாமல் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்கு ஒப்பானது. ஜெல் பல்லைத் தொட வேண்டும். அதற்கு ஸ்கேலிங் செய்து காரையை நீக்கி, மெருகேற்றிக்கொள்ள வேண்டும். புகைபிடிப்பவர்களில் பலருக்கு நிறத்தின் பெரும்பகுதி வெளிக்கறையாகவே இருப்பதால், இந்தப் படியோடே அவர்கள் திருப்தி அடைந்துவிடுவது உண்டு. எனவே ஸ்கேலிங்கும் ப்ளீச்சிங்கும் ஒரே நாளில் செய்கிறோம் என்று சொல்லப்பட்டாலும், இடையே ஒரு வாரமாவது விடுங்கள் என்பதே என் பரிந்துரை. ஈறு ஆறவும், தெளிந்த நிறத்தைப் பார்த்து இன்னும் வெண்மை வேண்டுமா என்று நிதானமாக முடிவெடுக்கவும் அந்த இடைவெளி உதவும். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற அரசு நிறுவனங்களில் இச்சிகிச்சையைக் குறைந்த செலவில் பெறலாம்.

ஸ்கேலிங் செய்தால் பல் ஆடிப்போகும் என்ற அச்சம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பல்லை ஆடவைப்பது காரையால் வந்த ஈறு நோயும் எலும்பு இழப்பும்தான். காரை அகன்றதும் அது மறைத்துக்கொண்டிருந்த இடைவெளியும் வீங்கிய ஈறு வற்றியதும் தெரிவதால் பல் விலகியது போலத் தோன்றுகிறது. சில நாள்களுக்குக் கூச்சம் இருக்கலாம், பிறகு தணிந்துவிடும்.

ஸ்கேலிங்குக்குப் பிறகு சிலருக்குக் குளோர்ஹெக்சிடின் வாய் கொப்பளிக்கும் மருந்து எழுதித் தரப்படும். அது நல்ல மருந்துதான். ஆனால் வாரக்கணக்கில் பயன்படுத்தினால் அதுவே பழுப்புக் கறையை உண்டாக்கும், தேநீரும் காபியும் குடிப்பவர்களுக்கு இன்னும் கூடுதலாக. மருத்துவர் சொன்ன நாள்களுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தி நிறுத்திவிட வேண்டும்.

மூன்றாம் படி: புகையை நிறுத்த ஒரு தேதி

ப்ளீச்சிங் தொடங்குவதற்குக் குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முன்பாக ஒரு நாளைக் குறித்து, அன்றிலிருந்து புகையை அடியோடு நிறுத்துவதே சரியான வழி. சிகிச்சை நாளுக்கு முதல்நாள் நிறுத்தினால், நிகோடின் இல்லாத எரிச்சலும் பல் கூச்சமும் ஒன்றாக வந்து இரண்டையும் கைவிட வைத்துவிடும். நிறுத்திய முதல் சில நாள்களில்தான் தவிப்பு உச்சத்தில் இருக்கும். சில வாரங்களில் பெரும்பகுதி அடங்கிவிடும். ஒவ்வொரு முறை எழும் ஆசையும் சில நிமிடங்களில் தானாகத் தணியக்கூடியது. அந்த நிமிடங்களைத் தள்ளிப்போடுவது, ஆழமாக மூச்சு விடுவது, தண்ணீர் குடிப்பது, கையை வேறு வேலையில் ஈடுபடுத்துவது ஆகிய நான்கும் எளிமையாகத் தோன்றினாலும் உண்மையிலேயே உதவுபவை.

புகையை நிறுத்த உதவும் நிகோடின் சூயிங்கம் பயன்படுத்துபவர்கள் அதைச் சாதாரண சூயிங்கம் போல மென்றுகொண்டே இருக்கக்கூடாது. மெதுவாகச் சில முறை மென்று, காரச் சுவை வந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைத்து, சுவை அடங்கிய பின் மீண்டும் மெல்ல வேண்டும். காபியும் பழச்சாறும் நிகோடின் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும் என்பதால், மெல்லுவதற்கு முந்தைய கால்மணி நேரத்தில் அவற்றைத் தவிர்க்க வேண்டும். புகையில் இருக்கும் தார் இதில் இல்லை. ஆகவே பல்லின் நிறத்துக்கு இது புகையைப் போன்ற கேட்டைச் செய்வதில்லை. இதயநோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது. மத்திய அரசின் தேசியப் புகையிலை நிறுத்த உதவித் தொலைபேசி எண் 1800-11-2356. இதற்குக் கட்டணம் இல்லை. மின்சிகரெட்டுக்கு மாறிவிடலாமே என்று கேட்பவர்கள், இந்தியாவில் அதன் விற்பனை 2019 முதல் சட்டப்படி தடைசெய்யப்பட்டிருப்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

புகையை விட்ட சில வாரங்களில் ஈறிலிருந்து இரத்தம் கசிந்தால் பயப்பட வேண்டாம். சுருங்கியிருந்த இரத்த ஓட்டம் திரும்புவதால், அதுவரை மறைந்திருந்த அழற்சி வெளியே தெரிகிறது என்பதே அதன் பொருள். மருத்துவரிடம் சொல்லி ஈறைக் கவனித்துக்கொள்ள வேண்டுமே தவிர, முன்பு இல்லாத தொல்லை வந்துவிட்டது என்று மீண்டும் புகைக்குத் திரும்பிவிடக்கூடாது. புகையால் கறுத்த ஈறின் நிறம் ப்ளீச்சிங்கால் மாறாது. புகையை விட்ட பிறகு மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள் கழித்து மெல்ல வெளிறும்.

முழுமையாக நிறுத்த முடியவில்லை என்றால் ப்ளீச்சிங்கே கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. கறை திரும்பி வரும் என்பது ஒருபுறம் இருக்க, வேறொரு காரணமும் இருக்கிறது. புகையிலையால் ஏற்கனவே பாதிக்கப்பட்ட வாயின் மென்தோலில் ப்ளீச்சிங் ஜெல்லிலுள்ள பெராக்சைடும் படுவது இடர்ப்பாட்டைக் கூட்டக்கூடும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்பொருள் பாதுகாப்புக்கான அறிவியல் குழு எச்சரித்திருக்கிறது. ஆகவே குறைந்தபட்சமாக, சிகிச்சை நடக்கும் வாரங்கள் முழுவதும் புகையைத் தொடாமல் இருக்க இயலாதவர் ஸ்கேலிங்கோடு நின்றுகொள்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

நான்காம் படி: முறையைத் தேர்ந்தெடுத்தல்

பல் மருத்துவர்கள் வழக்கமாகக் கையாளும் ப்ளீச்சிங் முறைகள் ஹைட்ரஜன் பெராக்சைடையே நம்பியிருக்கின்றன. அது எனாமலை ஊடுருவி டென்டினை அடைந்து, அங்கிருக்கும் பெரிய நிற மூலக்கூறுகளை நிறமற்ற சிறு துண்டுகளாக உடைக்கிறது. மருத்துவமனையில் நாற்காலியில் அமர்த்திச் செய்யும் முறையில் 35 முதல் 40 சதவீதம் வரையிலான செறிவுள்ள ஜெல்லை ஈறுக்குப் பாதுகாப்புத் தடுப்பு போட்டபின் தடவுவார்கள். ஒரு மணி நேர அளவில் முடிந்துவிடும். கூச்சம் அதிகமாக இருக்கும். பலருக்கு இரண்டு மூன்று அமர்வுகள் தேவைப்படும். லேசர், நீல விளக்கு என்று விளம்பரப்படுத்தப்படும் ஒளிக்கு, ஜெல்லின் வேலையைக் கூட்டும் ஆற்றல் பெரிதாக இல்லை என்றே ஆய்வுத் தொகுப்புகள் காட்டுகின்றன. விளக்குக்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

மற்றொன்று, 1989-ல் அமெரிக்கப் பல் மருத்துவர்கள் ஹேவுட், ஹேமன் ஆகியோர் வெளியிட்ட வீட்டு ட்ரே முறை. இதில் 10 சதவீதக் கார்பமைடு பெராக்சைடு பயன்படுத்தப்படுகிறது. அதிலிருந்து ஏறத்தாழ 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு மட்டுமே வெளிப்படுவதால் வேலை மெதுவாக நடக்கும், கூச்சமும் குறையும். புகைக்கறை உள்ளே இறங்கியவர்களுக்கு இந்த மெதுவான முறையையே நான் முன்வைப்பேன். பல வாரங்கள் ஒழுங்கைக் கடைப்பிடிக்கச் செய்வதால், புகையை விட்டவருக்கு அதுவே ஒரு பிடிமானமாகவும் அமைகிறது. வலைத்தளங்களில் விற்கும் பொதுவான அளவு ட்ரேக்களையும், செறிவு எழுதப்படாத ஜெல்களையும் வாங்க வேண்டாம். அளவு பொருந்தாத ட்ரேயிலிருந்து ஜெல் கசிந்து ஈறைப் புண்ணாக்கும்.

எலுமிச்சையும் சமையல் சோடாவும், கரித்தூள், உப்பு, செங்கல்தூள் ஆகியவற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். எலுமிச்சையின் அமிலம் எனாமலைக் கரைக்கிறது, தூள்கள் தேய்க்கின்றன. போன எனாமல் மீண்டும் வளராது, அதன் அடியிலிருக்கும் மஞ்சள்தான் மேலும் தெளிவாகத் தெரியும். புகையிலை கலந்த பற்பொடிகளை இந்திய அரசு 1992-லேயே தடைசெய்துவிட்டது.

ஐந்தாம் படி: வீட்டு ட்ரே முறையைச் செய்தல்

மருத்துவர் உங்கள் பற்களின் அச்சை எடுத்து, மெல்லிய ஒளிபுகும் ட்ரே செய்து தருவார். வண்ண அட்டவணையை வைத்துத் தொடக்க நிறத்தைக் குறித்துக்கொள்வார். ஒரே வெளிச்சத்தில் நீங்களும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் நாள்தோறும் கண்ணாடியில் பார்ப்பவருக்கு மாற்றம் தெரிவதில்லை. கூச்சம் உள்ளவர்கள் இரண்டு வாரங்களுக்கு முன்பிருந்தே பொட்டாசியம் நைட்ரேட் கலந்த பற்பசையால் துலக்கி வருவது நல்லது.

இரவில் துலக்கி, பல்லிடுக்கையும் சுத்தம் செய்தபின், வெளுக்க வேண்டிய ஒவ்வொரு பல்லுக்கும் ட்ரேயின் முன்புற உட்பக்கத்தில் ஓர் அரிசி அளவு ஜெல்லை வையுங்கள். அதிகம் வைத்தால் வேகமாக வெளுக்கும் என்பது தவறு. மிகுதியாக வைத்தது ஈறில்தான் வழியும். ட்ரேயை அணிந்ததும் வெளியே பிதுங்கியதை ஈரப் பஞ்சாலோ சுத்தமான விரலாலோ துடைத்துவிடுங்கள். மருத்துவர் சொன்ன நேரத்துக்கு, இரவு முழுவதுமோ சில மணி நேரமோ, அணிந்திருந்துவிட்டுக் கழற்றி, வாயைக் கொப்பளித்து, ட்ரேயைக் குளிர்ந்த நீரில் கழுவ வேண்டும். வெந்நீர் பட்டால் ட்ரே வளைந்துவிடும். நம் ஊர் வெப்பத்தில் ஜெல் விரைவில் வீரியமிழக்கும் என்பதால் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும்.

ட்ரே வாயில் இருக்கும்போது புகைபிடிப்பது எந்தச் சூழ்நிலையிலும் கூடாது. ஈறு வெளுத்து எரிந்தால் ஒருநாள் நிறுத்திவிட்டு ஜெல்லின் அளவைக் குறையுங்கள். பல் கூசினால் ஓரிரவு விட்டு ஓரிரவு அணியலாம். வலி விடாமல் தொடர்ந்தால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். சாதாரண மஞ்சள் நிறத்துக்கு இரண்டு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நிகோடின் கறை ஆழமாக இறங்கியவர்களுக்கு ஒன்று முதல் மூன்று மாதங்கள் வரை நீளலாம்.

ஆறாம் படி: முடிந்த பின் முதல் இரண்டு வாரங்கள்

ப்ளீச்சிங் முடிந்தவுடன் தெரியும் நிறம் உண்மையான நிறம் அல்ல. நீரிழந்த எனாமல் தற்காலிகமாகக் கூடுதல் வெண்மையாகத் தெரியும். மீண்டும் ஈரம் ஏறியதும் வெண்மை ஓரிரு படிகள் இறங்கும். இரண்டு வாரம் கழித்து நிலைத்திருப்பதே உங்களுக்குக் கிடைத்த பலன். பழைய அடைப்புகளை மாற்றுவதும் அந்த இரண்டு வாரங்களுக்குப் பிறகுதான், ஏனெனில் பல்லில் எஞ்சியிருக்கும் ஆக்சிஜன் புதிய அடைப்பு உறுதியாக ஒட்டுவதைத் தடுக்கும்.

முதல் இரண்டு நாள்களுக்குக் கடுங்காபி, மஞ்சள் தூக்கலான குழம்பு, பீட்ரூட், திராட்சைச் சாறு ஆகியவற்றை விலக்கி இட்லி, இடியாப்பம், தயிர்சாதம், தேங்காய்ச் சட்டினி என்று இருக்கச் சொல்வது வழக்கம். இந்த உணவுக் கட்டுப்பாட்டால் பெரிய வேறுபாடு விளைவதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆனாலும் கேடு எதுவும் இல்லை, அமிலம் மிகுந்தவற்றைத் தவிர்ப்பது கூச்சத்தைக் குறைக்கவும் செய்யும். உணவைவிடப் புகைதான் இங்கே முக்கியம். ஒரு கோப்பைக் காபி சில நொடிகள் பல்லைத் தொட்டுச் செல்கிறது. ஒரு சிகரெட்டின் புகையோ ஒவ்வோர் இழுப்பிலும் தாரை வாய் முழுவதும் பரப்புகிறது.

ஏழாம் படி: வெண்மையைக் காத்துக்கொள்ளுதல்

புகையை விட்டவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேலிங் செய்துகொண்டு, மருத்துவரின் ஆலோசனையோடு ஆண்டுக்கு ஒருமுறை சில இரவுகள் மட்டும் பழைய ட்ரேயை அணிந்தால் பெரும்பாலும் போதும். புகைபிடிப்பவர்களுக்கென்று விற்கப்படும் கரடுமுரடான பற்பசைகளை அன்றாடம் பயன்படுத்தினால், ஈறு இறங்கி வெளித்தெரியும் வேர்ப்பகுதி விரைவில் தேய்ந்துவிடும். மென்மையான பிரஷ்ஷும் ஃப்ளூரைடு பற்பசையும் கொண்டு நாளுக்கு இருமுறை இரண்டு நிமிடங்கள் துலக்குவது மேல்.

இடையில் மீண்டும் புகைபிடிக்கத் தொடங்கிவிட்டவர்கள், நிறம் மங்குகிறதே என்று மிச்சமிருக்கும் ஜெல்லை எடுத்துத் தாங்களாகவே போட்டுக்கொள்ளக் கூடாது. திரும்பி வந்தது பெரும்பாலும் வெளிக்கறை. அது ஸ்கேலிங்கில் போய்விடும். பலர் கூச்சப்பட்டு மருத்துவரிடம் இதை மறைக்கிறார்கள். மறைத்தால், கறை ஏன் இவ்வளவு விரைவில் வந்தது என்று புரியாமல் அவர் தேவையற்ற ப்ளீச்சிங்கைப் பரிந்துரைக்க நேரும். ஈறில் இரத்தம் வராததை வைத்து நோய் இல்லை என்றும் நினைத்துவிடலாம். எப்போது தொடங்கினீர்கள், நாளுக்கு எத்தனை என்பதை உள்ளபடி சொல்லுங்கள். அப்படியானால் அவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்களை வரச்சொல்லி, ஈறின் பள்ளத்தை மறுபடி அளந்து, மென்தோலைப் பார்த்து, நிறுத்துவதற்கான அடுத்த தேதியை உங்களோடு சேர்ந்து குறிப்பார்.